"என் நாக்குக்கு அந்தப் பேர் வரமாட்டேங்குது": பழைய வண்ணாரப்பேட்டை வாசகிக்கு ஒரு பதில்

இந்த முறை நான் எடுத்துக்கொண்ட கடிதம் பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து வந்தது. எழுதியவருக்கு 41 வயது, ஒரு ஸ்கேன் சென்டரின் ரிசப்ஷனில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறார். அவரை யார் என்று காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன். கடிதத்தில் வரும் நோயாளியின் பெயரையும் மாற்றி, அதே சிக்கல் உள்ள வேறொரு பெயரைப் போட்டிருக்கிறேன்.

அவர் எழுதியதன் சுருக்கம் இதுதான். மணலி, எண்ணூர், மாதவரம் பக்கம் குடோன்களிலும் கம்பெனிகளிலும் வேலை செய்யும் ஒடிசா, பீகார், அஸ்ஸாம் குடும்பங்கள் அந்த சென்டருக்கு நிறைய வருகின்றன. படிவத்தில் பெயர் ஆங்கிலத்தில் இருக்கும், இவர் அதைப் பார்த்துக் கூடத்தில் சத்தமாகக் கூப்பிடுவார். ஒருநாள் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு கர்ப்பிணி, பெயர் பால்குனி. இவர் படிவத்தைப் பார்த்து "பல்... பல்கு..." என்று தடுமாற, கூடத்தில் யாரோ "பங்குனியா?" என்று கேட்க, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கூட வேலை செய்கிறவர் "சித்திரை பொறக்கட்டும், அப்புறம் கூப்பிடலாம்" என்று சொல்ல, இன்னும் ஒரு சிரிப்பு. அன்றிலிருந்து அந்தப் பெண்ணுக்கு அங்கே பெயர் பங்குனி. மூன்றாவது தடவை வந்தபோது இவர் "பங்குனி, பங்குனி" என்று இரண்டு முறை கூப்பிட்டார். அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. பட்டியலில் கடைசிக்குப் போய்விட்டார். ஸ்கேனுக்காகத் தண்ணீர் குடித்துவிட்டு, அடக்கிக்கொண்டு, இரண்டரை மணி நேரம் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறார். வேலை முடிந்து வந்த கணவர் தனக்குத் தெரிந்த தமிழில் சத்தம் போட்டிருக்கிறார்: "அவ பேரு பங்குனி இல்ல. பேரு சொல்லத் தெரியாதா உங்களுக்கு?"

"அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல மேடம்" என்று எழுதியிருக்கிறார் வாசகி. பிறகு கேள்விகள். தமிழ் மீடியத்தில் படித்தவள், 41 வயதுக்குமேல் நாக்கு திரும்புமா? இனிமேல் டோக்கன் நம்பரை மட்டும் கூப்பிடு என்கிறார் மேனேஜர், அது சரியா? "அவங்க மட்டும் நம்ம பேரை ஒழுங்கா சொல்றாங்களா?" என்று கேட்கிறார் கூட வேலை செய்கிறவர், அதற்கு என்ன பதில்? இந்தி தெரியாமல் எப்படி மன்னிப்புக் கேட்பது? கடைசி வரி: "எனக்கு ஏதாவது பேச்சுக் குறை இருக்கா?"

சகோதரி, அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாக் கேள்விக்கும் அடியில் அந்தப் பயம்தான் இருக்கிறது. 20 வருடத்துக்குமேல் பேச்சு, கேட்டல் சிகிச்சையில் இருக்கிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்களுக்குப் பேச்சுக் குறை இல்லை. ஃபாத்திமா, ஜான்சி, புவனேஸ்வரி எல்லாம் சுலபமாக வரும் என்று நீங்களே சொல்கிறீர்கள். நம் எழுத்தில் ஒரே ஒரு ககரம், ஒரே ஒரு பகரம் இருப்பதால் நம் நாக்குக்கும் ஒன்றுதான் தெரியும் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது தப்பு. "பக்கம்" என்று சொல்லிவிட்டு "தங்கம்" என்று சொல்லுங்கள், இரண்டு ககரமும் ஒன்றா? "அப்பம்", "கம்பம்" சொல்லிப் பாருங்கள், "பட்டம்", "வண்டி" சொல்லிப் பாருங்கள். மெல்லினத்தோடு சேர்ந்தால் அந்த எழுத்து அதிரும், இரட்டித்தால் அதிராது, இரண்டு உயிருக்கு நடுவில் "பகல்" மாதிரி உரசிக்கொண்டு வரும். தொண்டையில் விரலை வைத்துப் பார்த்தால் அந்த அதிர்வு விரலிலேயே தெரியும். இத்தனையும் உங்கள் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. சொல்லின் நடுவில் வந்து பழகிய ஒலியைச் சொல்லின் முதலில் கொண்டு வர வேண்டும், அவ்வளவுதான். "பஸ் வந்துடுச்சு" என்று தினமும் சொல்லும்போது அதையும் செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள்.

அப்படியென்றால் பால்குனி ஏன் பங்குனி ஆனாள்? இதில்தான் நீங்கள் நாக்கைக் குற்றம் சொல்கிறீர்கள், நான் காதைச் சொல்கிறேன். பழக்கமில்லாத பெயர் ஒன்று வந்தால் காது அதை அப்படியே வாங்குவதில்லை, தனக்குத் தெரிந்த சொல்லில் எது பக்கத்தில் இருக்கிறதோ அங்கே கொண்டுபோய் உட்கார வைத்துவிடும். நீங்கள் வேலை செய்யும் இடத்திலிருந்து பாரிமுனைக்குப் போனால் ஆர்மேனியன் தெரு இருக்கிறது, 1772-இல் கட்டிய ஆர்மேனிய தேவாலயம் இன்னும் அங்கே நிற்கிறது. அந்தத் தெருவை நம் ஊர்க்காரர்கள் என்னவென்று சொன்னார்கள்? அரண்மனைக்காரத் தெரு. அங்கே அரண்மனை எதுவும் இல்லை. ஆர்மேனியன் என்ற சொல் பிடிபடாத காது, அரண்மனைக்காரன் என்று பிடித்துக்கொண்டது. தெருவுக்கு அதனால் வலிக்கப் போவதில்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு வலித்தது.

இந்தக் காதுப் பழக்கம் எப்போது வருகிறது தெரியுமா? பேசத் தொடங்குவதற்கு முன்பே. ஜானெட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1984-இல் வெளியிட்ட ஆய்வு எங்கள் துறையில் எல்லோரும் படிப்பது. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு ஆறு, எட்டு மாதத்தில் இந்தியின் ட-வும் த-வும் வேறு வேறாகக் கேட்கின்றன. பத்து, பன்னிரண்டு மாதத்தில் அந்த வேறுபாடு மங்கிவிடுகிறது, ஏனென்றால் அவர்கள் வீட்டில் அது தேவைப்படவில்லை. நமக்கு ட, த தேவைப்பட்டது, அதனால் நம் காது அதை வைத்துக்கொண்டது. மூச்சுக் காற்றோடு வரும் ப, மூச்சு இல்லாத ப என்ற பிரிவு தமிழுக்குத் தேவைப்படவில்லை, அதனால் விட்டுவிட்டது. குறை இல்லை இது, பழக்கம். பெரியவர்களானபிறகும் கவனித்துக் கேட்டால் இந்த வேறுபாடுகளைத் திரும்பப் பிடிக்க முடியும். குழந்தையை விட நேரம் கூடுதலாக ஆகும், ஆனால் நடக்கும்.

ஒன்றை உங்களிடம் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன்னால் எண்ணூரில் வேலை செய்யும் ஓர் அஸ்ஸாமியக் குடும்பம், இரண்டரை வயதுப் பையனை ராயபுரத்தில் இருக்கும் என் கிளினிக்குக் கூட்டிவந்தார்கள். பேச்சு வரவில்லை என்று கவலை. இப்படி வரும் குழந்தைகளுக்கு நாங்கள் முதலில் பார்ப்பதே, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா என்பதைத்தான். படிவத்தில் சாகர் என்று இருந்தது. பின்னால் நின்று "சாகர்" என்று நான்கு முறை கூப்பிட்டேன். அவன் தரையில் உட்கார்ந்து ஒரு டப்பா மூடியை உருட்டிக்கொண்டே இருந்தான், திரும்பவில்லை. "பெயருக்குத் திரும்புவதில்லை" என்று நோட்டில் எழுதினேன். அந்த நேரம் அவன் அப்பா செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து ஒரு முறை கூப்பிட்டார், பையன் சட்டென்று திரும்பிச் சிரித்தான். அவர் கூப்பிட்டது கிட்டத்தட்ட "ஹாகொர்" மாதிரி, முதல் எழுத்து தொண்டையில் உரசும் ஹ. அஸ்ஸாமியத்தில் அந்த எழுத்தை நம்மைப் போல ச என்றோ ஸ என்றோ சொல்வதில்லை. அவன் தன் பெயருக்குத் திரும்பாத குழந்தை இல்லை, நான் அவன் பெயரைச் சொல்லவே இல்லை. நோட்டில் எழுதியதை அடித்தேன். அடிக்காமல் விட்டிருந்தால் அந்த ஒரு வரி அவனோடு எத்தனை டாக்டர்களிடம் போயிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் பதறுகிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் கடிதத்தில் "அந்தப் பொண்ணு வேணும்னே எந்திரிக்கல" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். புரியாத மொழி பேசும் கூட்டத்தில், ஃபேன் சத்தத்தில், தன் பெயர் எப்போது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு "பங்குனி" என்பது இன்னொருவர் பெயராகத்தான் கேட்கும். ஒருவேளை அது தன்னைத்தான் என்று புரிந்தும் எழுந்திருக்கவில்லை என்றால், அந்தச் சிரிப்புக்கு நடுவில் மறுபடியும் எழுந்து நிற்க மனசு வரவில்லை என்று அர்த்தம். இரண்டில் எதுவானாலும் அவர் மேல் தப்பில்லை. கணவர் போட்ட சத்தத்தையும் மொழிச் சண்டையாகப் பார்க்கத் தேவையில்லை. வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் மனைவி இரண்டரை மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எந்த ஊர்க்காரருக்கும் கோபம் வரும்.

உங்களோடு வேலை செய்யும் அந்தத் தோழி இன்னொன்றும் சொன்னாராம், "பால்குனியும் பங்குனியும் ஒண்ணுதானே, தமிழ்ல சொன்னா என்ன தப்பு?" வேர் ஒன்றுதான், அவர் சொல்வது சரி. வடக்கே பால்குன மாதம் என்பது, இங்கே பங்குனி. ஆனால் அந்தப் பெண்ணின் அம்மா அவரைப் பங்குனி என்று கூப்பிடவில்லை. பீட்டர் என்று பெயர் வைத்திருக்கும் காசிமேட்டுப் பையனைப் பேதுரு என்று கூப்பிட்டால் அவன் திரும்புவானா? சௌகார்பேட்டையில் இதே பெயருள்ள குஜராத்திப் பெண்கள் இருக்கிறார்கள், அவர்களில் பலர் ஃபால்குனி என்று மேல்பல்லைக் கீழுதட்டில் வைத்து ஃப போட்டே சொல்வார்கள், அதுவும் சரி. கமலா என்று நாம் சொல்லும் பெயரை இந்திக்காரர்கள் நடு அகரத்தை விழுங்கி "கம்லா" என்பார்கள். 2020 அமெரிக்கத் தேர்தலில் கமலா ஹாரிஸின் பெயரை ஒரு செனட்டர் மேடையில் வேண்டுமென்றே இழுத்து இழுத்துச் சொன்னார் என்று பெரிய கண்டனம் எழுந்து, பெயரால் கிண்டல் பட்ட ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் பெயரின் அர்த்தத்தை எழுதத் தொடங்கினார்கள். ஒரே எழுத்துக்கூட்டுக்கு மூன்று ஊரில் மூன்று உச்சரிப்பு இருக்கும்போது எது சரி என்பதை நானும் சொல்ல முடியாது, அகராதியும் சொல்லாது, பெயருக்கு உரியவர்தான் சொல்ல வேண்டும்.

படிவத்தில் இருக்கும் ஆங்கிலத்தை நம்பாதீர்கள்

உங்களைத் தடுமாற வைத்ததில் பாதி இதுதான். நாம் லதா, சவிதா, கீதா என்று ஆங்கிலத்தில் எழுதும்போது த-வுக்கு டைகரில் வரும் டி எழுத்தோடு எச் சேர்ப்போம். வடக்கே எச் போட மாட்டார்கள், ஏனென்றால் எச் சேர்த்தால் அது அவர்களுக்கு மூச்சோடு வரும் இன்னொரு த. அதனால் அவர்கள் எழுதிய சவிதாவை நாம் "சவிடா" என்று படித்துவிடுகிறோம். அதேபோல பி-யும் எச்சும் சேர்ந்து வந்தால் நாம் பள்ளிக்கூடத்தில் ஃபோன், ஃபோட்டோ என்று படித்த பழக்கத்தில் ஃப என்கிறோம். ஒடியாவில் அது பெரும்பாலும் உதட்டை மூடித் திறக்கும் ப, கூடவே ஒரு மூச்சு. நெடில் குறிலை ஆங்கில எழுத்து காட்டவே காட்டாது. நீங்கள் "பல்" என்று தொடங்கியதும் அதனால்தான், அது "பால்" என்று நீள வேண்டிய இடம்.

இன்னொன்று, உங்கள் வேலைக்கு ரொம்ப முக்கியம். பீகார்ப் பெண்களின் பெயரில் கடைசியில் தேவி, குமாரி, காத்தூன் என்று வருவது ரொம்ப சகஜம். முதல் பெயர் கஷ்டமாக இருக்கிறதே என்று "தேவி, தேவி" என்று மட்டும் கூப்பிட்டால் ஒரே நேரத்தில் மூன்று பேர் எழுந்திருப்பார்கள், தப்பான ஆள் உள்ளே போவார். முதல் பெயரைத் தவிர்க்காதீர்கள்.

அதனால் படிவம் வாங்கும்போதே, ஆள் எதிரில் நிற்கும்போதே, கேட்டுவிடுங்கள். கூடத்தில் கூப்பிடும் நேரம் கற்றுக்கொள்ளும் நேரம் இல்லை. "ஆப்கா நாம்?" என்றால் இந்தி தெரிந்தவர்களுக்குப் புரியும், இல்லையென்றால் படிவத்தில் பெயர் மேல் விரலை வைத்து "பேரு?" என்று கேட்டாலே போதும். அவர் சொல்லும்போது படிவத்தைப் பார்க்காமல் அவர் வாயைப் பாருங்கள். எழுத்தைப் பார்த்தால் காது வேலை செய்யாது. உடனே ஒரு முறை திருப்பிச் சொல்லுங்கள், "சரியா?" என்று கேளுங்கள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஏழைப்பட்டவர்கள் நாம் எப்படிச் சொன்னாலும் "டீக் ஹை" என்று தலையாட்டிவிடுவார்கள், அதனால் தலையாட்டலை மட்டும் நம்பாமல் முகத்தைப் பாருங்கள், மறுபடி ஒரு முறை முயலுங்கள். இரண்டு முறைக்குமேல் வேண்டாம். பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது அவரை வைத்துப் பாடம் படிப்பது அவருக்கு இன்னொரு கூச்சம். "என்ன பேரு இது, வித்தியாசமா இருக்கே", "சுருக்கமா என்ன கூப்பிடலாம்" இரண்டும் வாயில் வரக்கூடாது.

கேட்டதைத் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். நம் வீட்டுப் பூஜையறையில் இருக்கும் தோத்திரப் புத்தகங்களில் க, க², க³, க⁴ என்று எண் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1 போட மாட்டார்கள், அது நம் சாதாரண க. 2 என்றால் மூச்சோடு, 3 என்றால் தங்கத்தில் வருவது போல அதிர்வோடு, 4 என்றால் அதிர்வும் மூச்சும் சேர்ந்து. அதையே எடுத்துக்கொள்ளுங்கள். பா²ல்கு³னி. அவ்வளவுதான், இதை பென்சிலில் படிவத்தின் மூலையில் எழுதிவைத்தால் அடுத்த ஷிஃப்டில் இருப்பவரும் சரியாகக் கூப்பிடலாம், அவர் கிண்டலாகப் பேசினவராகவே இருந்தாலும்.

அந்த ஒரு பகரத்துக்குப் பயிற்சி

டோக்கன் மெஷினில் கிழித்த காகிதத் துண்டு ஒன்றை எடுத்து உதட்டுக்கு முன்னால் தொங்கவிடுங்கள். "பால்" என்று சொல்லுங்கள், பால் பாக்கெட் பால். காகிதம் அசையாது, அசைந்தாலும் லேசாக. இப்போது உதட்டை மூடி, சூடான டீயை ஊதுகிற மாதிரி ஒரு காற்றைத் தள்ளிக்கொண்டே "பா" என்று திறங்கள். காகிதம் துள்ள வேண்டும். மேல்பல் கீழுதட்டைத் தொட்டால் அது ஃப ஆகிவிடும், இந்தப் பெயரில் உதடும் உதடும்தான் சேர வேண்டும். ஒருநாளைக்கு ஐந்து நிமிடம், கண்ணாடி முன்னால். முதல் இரண்டு நாள் காற்று தனியாகவும் எழுத்து தனியாகவும் "ப்-ஹா" என்று இரண்டாக வரும், பரவாயில்லை, நெருக்கிக்கொண்டே வாருங்கள். இது வந்துவிட்டால் குஷ்பு என்ற பெயரின் முதல் எழுத்தும் வந்துவிடும், அதுவும் மூச்சோடு வரும் ககரம்தான், இத்தனை வருடமாக நாம் எல்லோருமே அதை வெறும் கு என்றுதான் சொல்கிறோம்.

நூற்றுக்கு நூறு வரவில்லை என்றால்? ஒடியாக்காரரைப் போலவே நீங்கள் சொல்ல வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. "பால்குனி" என்று மூச்சில்லாத ப போட்டு, நெடிலைச் சரியாக நீட்டி, ல்கு-வை விழுங்காமல் சொன்னாலே அவருக்குத் தன் பெயர் என்று தெரியும். மூச்சு அப்புறம் வரட்டும்.

நம்பர் கூப்பிட்டால் போதாதா?

மேனேஜர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஸ்கேனுக்கு வந்திருப்பதை ஊருக்கே தெரிவிக்க விரும்பாதவர்கள் இருப்பார்கள், அவர்களுக்கு நம்பர் நல்லது. வரிசையைக் காப்பாற்ற நம்பர் உதவும். ஆள் யார் என்று அது சொல்லாது. டோக்கன் கைமாறும், கீழே விழும், 17-ஐ 70 என்று கேட்பவர்களும் உண்டு, தமிழ் எண் புரியாதவர்களுக்கு நீங்கள் "பதினேழு" என்று கத்தினாலும் ஒன்றுதான். 2007-இல் உலக சுகாதார நிறுவனம் நோயாளி பாதுகாப்புக்காக ஒன்பது வழிமுறைகள் வெளியிட்டது, அதில் ஒன்று நோயாளியைச் சரியாக அடையாளம் காண்பது. பெயர், பிறந்த தேதி மாதிரி குறைந்தது இரண்டு அடையாளமாவது சரிபார்க்க வேண்டும், அறை எண்ணை அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிறது. உங்கள் டோக்கனும் அந்த அறை எண் மாதிரிதான்.

ஆகவே கூடத்தில் நம்பரைக் கூப்பிடுங்கள், பெயரையும் சேர்த்துக் கூப்பிடுங்கள், ஸ்கேன் அறைக் கதவில் மறுபடி கேளுங்கள். கேட்கும்போது "நீங்க பால்குனிதானே?" என்று கேட்காதீர்கள், மொழி புரியாதவர் எதற்கும் ஆமாம் என்பார். "உங்க பேரு என்ன?" என்று கேட்டு அவர் வாயாலேயே வரவையுங்கள், உங்களுக்கும் உச்சரிப்பை இன்னொரு முறை கேட்ட மாதிரி ஆகும். கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுக்கும்போது, கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எஃப் படிவம் நிரப்புகிறீர்கள், ஒன்பது வருட அனுபவத்தில் இது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதில் எழுத்துக்கூட்டு அவருடைய அடையாள அட்டையில் இருப்பது போலவே இருக்கட்டும், உங்கள் உச்சரிப்புக் குறிப்பு பென்சிலில் தனியாக வெளிப் படிவத்தில் மட்டும் இருக்கட்டும். மேனேஜரிடம் இதை நோயாளி பாதுகாப்பு என்று சொல்லிப் பேசுங்கள். மரியாதை என்று சொன்னால் தள்ளிப்போடுவார்கள், ஆள் மாறிப்போகும் ஆபத்து என்று சொன்னால் காது கொடுத்துக் கேட்பார்கள்.

"அவங்க நம்ம பேரைச் சொல்றாங்களா?"

உங்கள் பெயரில் ழகரம் இருக்கிறது. உங்கள் தலைமை அலுவலகத்திலிருந்து பேசும் வடநாட்டு அதிகாரி "எஸில்" என்று கூப்பிடுகிறார், ஒன்பது வருடத்தில் ஒருநாளும் திருத்தவில்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் என்னவோ போல இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த "என்னவோ போல" என்பதைத்தான் பால்குனியும் உங்கள் சென்டருக்கு வரும்போதெல்லாம் பட்டுக்கொண்டிருக்கிறார். தோழியின் கேள்விக்குப் பதில் உங்களிடமே இருக்கிறது. அதோடு, ழகரம் நமக்கே எல்லோருக்கும் ஒரே மாதிரி வருவதில்லை, நம் பகுதியில் வாழைப்பழத்தை "வாயப்பயம்" என்று சொல்லி வளர்ந்தவர்கள் எத்தனை பேர். அதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன், அது வடசென்னைப் பேச்சு, எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் ஒருவர் தன் பெயரில் ழ என்று சொன்னால் அந்தப் பெயருக்கு மட்டும் நாக்கை மடிக்க நாமும் பழகிக்கொள்கிறோம் இல்லையா?

அந்த அதிகாரியிடமும் அடுத்த முறை சொல்லிவிடுங்கள். ஒன்பது வருடம் ஆகிவிட்டதே, இனி எப்படி என்று யோசிக்க வேண்டாம். "சார், என் பேரு இப்படி" என்று ஒரு முறை நிதானமாகச் சொல்லுங்கள், அவர் முயன்று ல என்றோ ள என்றோ வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். ஒடியாவிலும் மராத்தியிலும் நம் ள இருக்கிறது, இந்தியில் இல்லை, அதனால் அவர் எந்த ஊர்க்காரர் என்பதைப் பொறுத்து எங்கே நிற்பார் என்பது மாறும்.

இப்போது மன்னிப்பு. கூடத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டுவிடலாமா என்று யோசிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். எல்லோரும் சிரித்த அதே இடத்தில் எல்லோரும் மறுபடி அவரைத் திரும்பிப் பார்ப்பார்கள், உங்கள் மனபாரம் இறங்கும், அவருக்கு ஏறும். கண்ணீர்விட்டுக் கேட்பதும் வேண்டாம், அப்புறம் அவர் உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதாகிவிடும். படிவம் கொடுக்கும் இடத்தில், மெதுவாக, சரியான பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "மாஃப் கர்னா, நாம் கலத் போலா" என்று சொல்லுங்கள். மன்னித்துக்கொள்ளுங்கள், பெயரைத் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்பதுதான். ஒடிசாவிலிருந்து வந்து இங்கே வேலை செய்கிறவர்களில் பலருக்கு இந்த அளவு இந்தி புரியும், கணவர் கூட வந்திருந்தால் தமிழிலேயே சொல்லலாம், அவருக்குத் தமிழ் வருகிறதே. அவர் முகம் கொடுக்காவிட்டாலும் வற்புறுத்தாதீர்கள். அன்று அவரைச் சீக்கிரம் உள்ளே அனுப்ப முடிந்தால் அனுப்புங்கள், அது புரிய மொழி தேவையில்லை.

சிரித்த தோழியிடமும் பேச வேண்டியிருக்கும், அது கஷ்டம்தான், தினமும் பக்கத்தில் உட்காருகிறவர். அவர் மறுபடி "பங்குனி" என்றால் சண்டைக்குப் போகாமல் "பால்குனி" என்று நீங்கள் சரியான பெயரைத் திருப்பிச் சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள், ஒவ்வொரு முறையும். ஐந்தாறு முறையில் மாறிவிடுவார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி எனக்கு உறுத்துகிறது. வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறேன் என்று பிள்ளைகள் திட்டுகிறார்கள் என்றீர்களே, அது. ஸ, ஷ, ஃப போன்ற ஒலிகளும் மூச்சொலிகளும் மெல்லிய, உயர்ந்த அதிர்வெண்ணில் வருபவை, காது கேட்கும் திறன் குறையத் தொடங்கினால் பெரும்பாலும் முதலில் நழுவுவது இவைதான். அதோடு உங்கள் கவுண்டரில் கண்ணாடித் தடுப்பு இருக்கிறது, தலைக்கு மேல் ஃபேன் ஓடுகிறது, வருகிறவர்களில் சிலர் மாஸ்க் போட்டிருப்பார்கள், இதெல்லாம் அதே ஒலிகளைத்தான் தின்கின்றன. பெயர் கேட்கும் அந்த ஒரு நிமிடம் கண்ணாடியின் ஓட்டை அருகே காதைக் கொண்டுபோங்கள். ஸ்டான்லி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவு உங்களுக்கு நடந்து போகிற தூரம், ஒரு காலை வேளை லீவ் போட்டுவிட்டு ஒரு கேட்டல் பரிசோதனை செய்துவிடுங்கள். வலி இல்லை, ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான். எல்லாம் சரியாக இருக்கும் என்றே நினைக்கிறேன், ஆனால் பார்த்துவிடுவது நல்லது.

அந்தப் பெண்ணுக்கு மூன்றாம் மாதம் என்றீர்கள். அடுத்த பெரிய ஸ்கேன் 18 வாரத்துக்குமேல் 22 வாரத்துக்குள் இருக்கும், ஆக உங்கள் கையில் ஐந்தாறு வாரமாவது இருக்கிறது. காகிதத் துண்டை இன்றைக்கே எடுத்துக்கொள்ளுங்கள். பா²ல்கு³னி.